அவள் பெயரில் ஒரு வரி

தஞ்சாவூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி என்று சொன்னால் சென்னைக்காரர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். வரட்டும். மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில் எங்கள் ஆபீஸ். ஒன்பது பேர் வேலை பார்த்தோம். அதில் நான் சீனியர். முதலாளியிடம் மட்டும் லேப்டாப், மற்ற எல்லோருக்கும் பழைய டெஸ்க்டாப். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் மூன்று மேசைகளுக்குத்தான் தாங்கும். அவசரம் உள்ளவர் யாரானாலும் அந்த மூன்றில் ஒன்றில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். மேசைக்காரர் இருந்தால் எழுந்து இடம் கொடுப்பார், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் திறந்தபடி கிடக்கும். யாரும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்ட மாட்டோம். பூட்டினால் சக ஊழியரைச் சந்தேகப்படுவதாக அர்த்தம் என்று எங்களுக்குள் ஒரு நினைப்பு. ஜன்னலோரத்தில் இருந்த இன்வெர்ட்டர் மேசை அவளுடையது.

இதில் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. அவள் பெயரை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. என் பெயரை எழுத தைரியம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், மேற்கொண்டு நான் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

அவள் நாகப்பட்டினத்துப் பெண். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். எங்களிடம் சேர்ந்தபோது இருபத்துநான்கு வயது இருக்கும். என்னை முதல் நாளிலிருந்தே அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். நான் நன்னிலம் பக்கம். தாத்தா கடைசி வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர். அப்பா காலத்தில்தான் எங்களுக்கென்று நாலு மா நிலம் வந்தது. அந்த நாலு மாவிலும் என்னை அப்பா இறங்கவிட்டதே இல்லை. அறுப்புக்கோ நடவுக்கோ ஆள் பற்றாமல் தவிக்கும் நாளில்கூட, உனக்கு இங்கே என்ன வேலை, போய்ப் படி என்று வரப்பிலிருந்தே விரட்டிவிடுவார். நானும் சந்தோஷமாக ஓடிவிடுவேன். ஆக, நெல்லைப் பற்றி எனக்குத் தெரிந்தது சோறு மட்டும்தான். ஆனால் ஆபீஸில் நான்தான் நெல்லுக்கு ஆள். நன்னிலத்துக்காரன் என்றால் போதும், விவசாயம் சம்பந்தமாக யார் பேச வந்தாலும் முதலாளி என்னைத்தான் முன்னால் தள்ளுவார். நானும் வரப்பிலேயே பிறந்தவன் மாதிரி தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவேன். தெரியாது என்று ஒரு தடவையாவது சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மன்னார்குடிப் பக்கம் நாலைந்து ஊர் விவசாயிகள் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்திருந்தார்கள். அறுப்பு சமயத்தில் மெஷின் கிடைக்காமல் ஒவ்வொருவரும் தனித்தனியாக அல்லாடுவதற்குப் பதிலாக, ஆத்தூர் பக்கத்திலிருந்து வரும் மெஷின்காரர்களிடம் முன்கூட்டியே மொத்தமாகப் பேசிவைத்துக்கொள்வது அவர்கள் திட்டம். எந்த வாரம் எந்த ஊருக்கு எத்தனை மெஷின் தேவைப்படும் என்று சொல்வது எங்கள் சாஃப்ட்வேர் வேலை. விவசாயி நெல் ரகத்தையும் தேதியையும் கொடுப்பார். அறுப்பு தேதியை நாங்கள் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு வாரம் முன்னால் அவருக்கு எஸ்எம்எஸ் அனுப்புவோம். அதில் ஒரு சின்ன நுணுக்கம் இருந்தது. நூற்று முப்பத்தைந்து நாள் ரகம் என்றால் அந்த நாள் நாற்றங்காலில் விதை விழுந்ததிலிருந்து கணக்கு. ஆனால் நடவு போட்டவரிடம் தேதி கேட்டால் நட்ட தேதியைத்தான் சொல்வார். அதனால் நாற்று வளர்ந்த இருபத்தைந்து நாளைக் கழித்துக்கொள்ள வேண்டும். நேரடியாக வயலிலேயே விதைத்தவருக்கு எதையும் கழிக்க வேண்டியதில்லை.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. அவள். நட்டதிலிருந்து கணக்கா, விதைத்ததிலிருந்து கணக்கா என்று அவள் என்னிடம்தான் முதலில் வந்து கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும் என்று பெரிய மனுஷத்தனமாக ஒரு பதில் சொன்னேன். அவள் அதை நம்பிக்கொண்டு உட்காரவில்லை. இரண்டு சனிக்கிழமை யாரும் சொல்லாமல் தானாகவே மன்னார்குடிக்கு பஸ் ஏறிப் போய், நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டு, ஒரு நீல அட்டை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். பிறகு அந்தக் கழித்தல் வரியை சாஃப்ட்வேரின் புரோகிராம் கோடில் எழுதினாள். அதன் தலையில், இதை யாரும் எடுத்துவிட வேண்டாம், நாற்றங்கால் நாள் என்று ஒரு குறிப்பும் வைத்தாள்.

கார்த்திகையில் ஒரு நாள் மதியம் அந்த விவசாயிகள் கம்பெனியின் செயலாளர் எனக்கு போன் செய்தார். நேரடி விதைப்பு போட்ட ஒருவருக்கு அறுப்பு தேதி கிட்டத்தட்ட ஒரு மாதம் முந்திக் காட்டுகிறது, என்னவென்று பாருங்க என்றார். அவர் குரலில் அவசரம் எதுவும் இல்லை. எனக்குத்தான் அவசரம். கரண்ட் வேறு இல்லை. அவள் கீழே ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள். அவள் மேசையில் உட்கார்ந்தேன்.

அந்த விவசாயியின் விவரத்தைப் பதிந்தவர் தவறுதலாக நடவு என்று குறித்திருக்கிறார், அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு பதிவைத் திருத்தியிருந்தால் வேலை முடிந்திருக்கும். நான் அங்கே போகவே இல்லை. நேராக புரோகிராம் கோடைத் திறந்தேன். இருபத்தைந்து நாளைக் கழிக்கும் வரி கண்ணில் பட்டது. இந்தப் பெண் எதையோ கேட்டுக்கொண்டு வந்து எழுதிவைத்திருக்கிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் இருந்த இளக்காரம் எனக்கு இப்போதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வரியை அழித்தேன். அவள் வைத்திருந்த குறிப்பையும் அழித்தேன். செயலாளர் சொன்ன விவசாயிக்கு இப்போது தேதி சரியாக வந்தது. மற்றவர்களுக்கு என்ன வருகிறது என்று பார்க்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று அவருக்கு போன் செய்து சொல்லிவிட்டு, டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். அவள் திரும்பி வந்தபோது நான் என் இடத்தில் இருந்தேன். அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. சுத்தமாக மறந்தே போனேன்.

மார்கழியில் மெஷின்காரர்களிடம் பேசி முடித்தார்கள். செயலாளர் எங்கள் கணக்கில் வாரத்துக்கு எத்தனை மெஷின் என்பதை மட்டும் பார்த்துச் சொல்லிவிட்டார். தேதிகளை அவர் மறுபடி சரிபார்க்கவில்லை. சரியென்று நான்தான் சொல்லியிருந்தேனே. பொங்கலை ஒட்டி அறுக்க வேண்டிய நடவு வயல்களுக்கெல்லாம் மாசி நெருங்கும்போதுதான் மெஷின் என்று முடிவானது யாருக்கும் தெரியாது.

பொங்கலுக்கு முன்னால் அவள் என்னிடம் வந்து, நடவு வயல்காரர்கள் ஒருவருக்குக்கூட இன்னும் எஸ்எம்எஸ் போகவில்லை, ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டாள். ஊருக்குப் போக நான் பையைத் தூக்கித் தோளில் போட்டிருந்தேன். பொங்கல் முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றேன். சீனியர் சொல்லிவிட்டால் அதற்குமேல் எங்கள் ஆபீஸில் பேச்சு கிடையாது.

பொங்கல் முடிவதற்குள் கதிர் முற்றித் தலை தொங்கிவிட்டது. விவசாயிகள் செயலாளரைப் பிடித்தார்கள். செயலாளர் எங்களைப் பிடித்தார். மெஷின்களை முன்னால் கொண்டுவரப் பார்த்தால், ஜில்லாவில் இருந்த மெஷின் எல்லாம் வேறு வேறு ஊரில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு மூன்று நாளில் ஏற்பாடு செய்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. தை மாதத்தில் பெய்யக் கூடாத மழை. மூன்று நாள் விடவில்லை. நின்ற பயிர் படுத்துவிட்டது. தண்ணீரிலேயே கிடந்து நெல் முளைத்தது.

செயலாளர் ஆபீஸுக்கு வந்தார். நாற்பது வயதுக்காரர், எப்போதும் வாய் நிறைய பேசுகிறவர், அன்று நாற்காலியில் உட்கார்ந்ததும் தண்ணீர் மட்டும் கேட்டார். முதலாளி கதவைச் சாத்தச் சொன்னார். அவர், செயலாளர், நான், அவள். நான்கு பேர்தான்.

எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. கோடில் எந்த வரியை யார் எழுதினார், யார் எடுத்தார், எந்தத் தேதி, எத்தனை மணி என்று பெயர் போட்டுக் காட்டிவிடும். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து மாற்றம் போனதோ அந்தக் கம்ப்யூட்டருக்கு உரியவர் பெயர் தானாக விழும். முதலாளி அதைச் சுவரில் பெரிதாகத் தெரியும்படி போட்டார். கழித்தல் வரி எடுக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் அவள் பெயர்.

அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. கார்த்திகை, கரண்ட் போனது, ஜன்னலோரம், தயிர்சாதம். நான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வந்ததை மென்று விழுங்கினேன். இதை இப்படி எழுதும்போதுகூட ஏதோ எனக்கு நேர்ந்துவிட்ட மாதிரிதான் வருகிறது. நேரவில்லை. நான் செய்தேன்.

முதலாளி அவளைப் பார்த்து, இது உன் பேர்தானம்மா என்று கேட்டார். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எடுக்கவில்லை என்று அவள் சண்டை போடுவாள், அப்போது ஒப்புக்கொண்டுவிடலாம் என்று ஒரு கேவலமான கணக்கு எனக்குள் ஓடியது. அவள் சண்டை போடவில்லை.

"என் பேர்தான் சார். எப்ப எடுத்தேன்னு எனக்கு ஞாபகம் வரல. ஆனா என் பேர்தான் இருக்கு."

செயலாளர் நல்ல மனிதர். அதுதான் இன்னும் வினையாகிப்போனது. அவர் பெருமூச்சு விட்டு, கடக்கரைப் புள்ளைக்கு நெல்லு எப்படித் தெரியும், அதைக் கொறை சொல்லி என்ன பண்றது என்றார். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. நெல் தெரியாத பெண் நெல் கணக்கில் தப்பு செய்திருக்கிறாள். இதில் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? நன்னிலத்துக்காரன் இந்தத் தப்பைச் செய்திருப்பான் என்று யாருக்குத் தோன்றும்? கார்த்திகையில் எனக்கு போன் செய்ததைச் செயலாளரும், அடுத்தவர் மேசையில் யாரும் உட்காரலாம் என்பதை முதலாளியும் சுவரில் இருந்த தேதியோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை.

இத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் வெறும் கோழை என்று என்னைச் சொல்லிக்கொண்டு போயிருப்பேன். நான் பேசினேன்.

"விடுங்க சார். நெல்லு தெரியாத பொண்ணு. நான்தான் ஒரு தடவ கூட இருந்து பாத்திருக்கணும். எம் மேலயும் தப்பு இருக்கு."

எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள். செயலாளர் என் கையைப் பிடித்து, நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க என்றார். முதலாளியின் கண்ணில் என்மேல் ஒரு மதிப்பு கூடியதை நானே பார்த்தேன். அவள் என்னை நன்றியோடு பார்த்தாள். அந்தப் பார்வையை நான் வாங்கிக்கொண்டேன்.

பாதிக்கப்பட்டவர்களை நேரில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வரட்டும் என்று முதலாளி சொன்னார். நெல் தெரிந்தவன் என்று என்னைத் துணைக்கு அனுப்பினார். மறுநாள் காலையில் நாங்கள் இரண்டு பேரும் மன்னார்குடி போய், அங்கிருந்து செயலாளரின் மோட்டார் சைக்கிளிலும் இன்னொருவர் வண்டியிலுமாக ஊருக்குள் போனோம். வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வயல் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது. நாற்றம் அடித்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவள் கை கூப்பி நின்று, என்னாலதாங்க, மன்னிச்சிருங்க என்று சொன்னாள். சிலர் திட்டினார்கள். பெரும்பாலானவர்கள், வந்து சொல்றீங்களே அதுவே பெருசு என்று காப்பி வைக்கப் போனார்கள். நான் பின்னால் நின்று அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவதோ ஆறாவதோ ஒரு அம்மா வயலிலேயே இருந்தார்கள். ஐம்பது வயது இருக்கும். குத்தகைக்கு எடுத்த நிலம். சேற்றிலிருந்து ஒரு கதிரைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவள் உள்ளங்கையில் வைத்தார்கள். ஒவ்வொரு நெல்லிலும் வெள்ளையாக முளை விட்டிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வரப்பிலேயே குனிந்து அந்த அம்மாவின் காலைத் தொட்டாள். அவர்கள் பதறிப்போய் அவளைத் தூக்கினார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, தம்பி நீங்க எந்த ஊரு என்று கேட்டார்கள். நன்னிலம் பக்கம் என்றேன்.

"நீங்களாவது ஒரு வார்த்த பாத்துச் சொல்லியிருக்கக் கூடாதா தம்பி? கடக்கரைப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்?"

பார்த்திருக்கணும்மா என்றேன். என் குரல் சரியாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. மூன்று பேர் சீட்டில் நானும் அவளும் மட்டும். வடுவூர் தாண்டியதும் அவள் பையிலிருந்து அந்த நீல அட்டை நோட்டை எடுத்து ஒரு பக்கத்தை விரித்து என் மடியில் வைத்தாள். உருண்டை உருண்டையான கையெழுத்து. நடவு என்றால் நாற்றங்கால் நாள் இருபத்தைந்து முதல் முப்பது கழிக்கணும் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

"தெரிஞ்சும் எடுத்திருக்கேன் பாருங்கண்ணா. இது எப்படின்னே எனக்குப் புரியல. என் கை செஞ்சது எனக்கே தெரியலன்னா, நான் இனிமே எத நம்பி வேல பாக்குறது?"

என் வாழ்க்கையில் எனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்ததில்லை. முதலாளி இல்லை, செயலாளர் இல்லை. கண்டக்டர் முன்னால் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான்தான்ம்மா எடுத்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் நோட்டை மூடி அவளிடம் கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் நடக்கிறதுதான், மனசுல வச்சுக்காதே என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தஞ்சாவூர் வரும்வரை நான் போனைப் பார்த்துக்கொண்டே வந்தேன். போனில் ஒன்றும் இல்லை.

அவளை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. எங்கள் முதலாளி அப்படிப்பட்டவர் இல்லை. கோடில் கை வைக்க வேண்டாம், கொஞ்ச நாள் போன் எடுக்கிற வேலையைப் பார் என்று மட்டும் சொன்னார். வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால் எடுத்துப் பேசி எழுதிவைக்கிற வேலை. மூன்று மாதம் அதைச் செய்தாள். ஒரு போன் நம்பரைக் குறித்துக்கொண்டால்கூட இரண்டு தடவை திரும்பப் படித்துச் சரிபார்ப்பாள். எழுந்து பாத்ரூம் போனால்கூட கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு அவள் மேலேயே சந்தேகம். அப்புறம் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லி விலகிவிட்டாள். கடைசி நாளில் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தாள். எனக்கு மட்டும் வீட்டிலிருந்து கருவாடு கொண்டுவந்து கொடுத்தாள்.

அவள் போன மாதமே நான் ஒரு விதி கொண்டுவந்தேன். இனி யாரும் அடுத்தவர் கம்ப்யூட்டரில் உட்காரக் கூடாது, எழுந்தால் பூட்ட வேண்டும். முதலாளி பாராட்டினார். ஒரு சம்பவத்திலிருந்து பாடம் கற்றுக்கொண்டேனாம். அடுத்த வருஷம் என்னைப் புராஜெக்ட் எல்லாவற்றுக்கும் பொறுப்பாக்கினார்கள். என் சட்டைப்பையில் இப்போது இருக்கும் விசிட்டிங் கார்டில் பொறுப்பு என்கிற வார்த்தை இங்கிலீஷில் இரண்டு தடவை வருகிறது.

இதையெல்லாம் மறந்துவிட்டு நிம்மதியாக இருந்தேன் என்று சொன்னால் பொய். அனுதினமும் துடித்தேன் என்று சொன்னால் அது அதைவிடப் பெரிய பொய். தை மாதம் மழை வந்தால் மட்டும் அந்த முளைத்த கதிர் ஞாபகத்துக்கு வரும். மற்ற நாளில் சாப்பிட்டேன், தூங்கினேன், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வேலையில் நேர்மை என்றால் என்ன என்று வகுப்பு எடுத்தேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் அவளிடமிருந்து போன் வந்தது. நான்கு வருஷத்துக்குப் பிறகு. அண்ணா என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நலம் விசாரித்தாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். சென்னையில் வேறொரு கம்பெனியில் அவளை ஒரு குழுவுக்குத் தலைவராக எடுக்க இருக்கிறார்கள். நேர்காணல் எல்லாம் முடிந்துவிட்டது. முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிப்பதற்காக எங்கள் முதலாளியிடம் பேசியிருக்கிறார்கள். அவர் ஒளிவுமறைவு இல்லாதவர். நல்ல பெண், ஆனால் ஒரு தடவை கவனக்குறைவால் பெரிய நஷ்டம் ஆகிவிட்டது என்று நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அந்தக் கம்பெனிக்காரர்கள் இப்போது யோசிக்கிறார்கள். இதற்கு முன்னால் ஒரு இடத்தில் தலைமைப் பொறுப்பு தேடி வந்தபோது அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம், பயத்தில். இப்போதுதான் தைரியம் வந்து ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்னிக்கு எனக்காகப் பேசினது நீங்க ஒருத்தர்தாண்ணா, அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன் என்றாள்.

சொன்னேன். அவர்களிடம் அல்ல, அவளிடம். எப்படிச் சொன்னேன் என்று கோர்வையாக ஞாபகம் இல்லை. கரண்ட் போனது, அவள் ஜெராக்ஸ் எடுக்கப் போனது, அந்த வரி, அந்தக் குறிப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இடையில் ஒன்றுமே கேட்கவில்லை. நான் முடித்ததும், போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"நாலு வருஷமா நான் எனக்கே பயந்துகிட்டு இருக்கேண்ணா" என்றாள். அழுகை இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவள் அதை நிறுத்தினாள். அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், நீங்க இப்ப சொன்னத எழுதிக் குடுங்க, உங்க பேர் போட்டு, கம்பெனி மெயில்லேர்ந்து, வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்க முடிவு பண்ணிருவாங்க என்றாள். நாலு வரி போதும் என்றாள். சரியென்று சொன்னேன். சத்தியமாக, சொல்லும்போது அனுப்பத்தான் நினைத்தேன்.

திங்கட்கிழமை மதியமே எழுத உட்கார்ந்தேன். குழுவில் ஏற்பட்ட ஒரு தகவல் இடைவெளி காரணமாக என்று ஆரம்பித்தேன். படித்துப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது. அழித்தேன். செவ்வாய்க்கிழமை நேராக எழுதினேன். அந்த வரியை எடுத்தது நான், அவள் அல்ல. இவ்வளவுதான். கீழே என் பெயரை அடித்தேன், பதவியை அடித்தேன். அனுப்புகிற பொத்தானுக்குப் பக்கத்தில் விரல் நின்றது. முதலாளிக்குத் தெரியாமல் கம்பெனி மெயிலிலிருந்து இப்படி ஒன்று போவது சரியில்லை, முதலில் அவரிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. எவ்வளவு நியாயமான காரணம். முதலாளி கும்பகோணத்தில் அக்கா மகள் கல்யாணத்தில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். கல்யாண வீட்டில் இருப்பவரிடம் போனில் சொல்கிற விஷயமா இது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். புதன்கிழமை அவள் ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பினாள். அனுப்பிவிடுகிறேன் என்று பதில் போட்டேன். வியாழக்கிழமை அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க நான் ஒரு புது வாடிக்கையாளரோடு மீட்டிங்கில் இருந்தேன். அந்த மீட்டிங்கைத் தள்ளிப்போட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதலாளி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த முறுக்கை எனக்கு ஒரு தட்டில் வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்ப எதுக்குப்பா இதப் போயி கெளர்றே என்றார். நான் அனுப்பத்தான் வேண்டும் என்றேன். உன் இஷ்டம் என்றார். அவ்வளவுதான் நடந்தது. எதற்காக ஐந்து நாள் பயந்தேனோ அது ஒரு தட்டு முறுக்கோடு முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடிதத்தை அனுப்பினேன். சென்னைக் கம்பெனிக்கு ஒன்று, மன்னார்குடி செயலாளருக்கு ஒன்று, இரண்டிலும் அவளுக்கு நகல். செயலாளர் பதில் போடவில்லை. அவர் இனி போடுவார் என்றும் நான் நினைக்கவில்லை. அவளிடமிருந்து பத்தரை மணிக்கு வாட்ஸப்பில் வந்தது.

"லெட்டர் கெடச்சுது சார். அவங்க வெள்ளிக்கிழமையே வேற ஆள் எடுத்துட்டாங்க."

சார் என்று இருந்ததை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.